கேடிஎம் 390 எஞ்சினுக்கு எந்த ஈசியு? ஃபார்முலா பாரத் அணிகளுக்கு ஒரு ஒப்பீடு

ஃபார்முலா பாரத், கல்லூரி மாணவர்கள் தாங்களே கட்டிய ரேஸ் காரோடு மோதும் போட்டி. ஜூலை, ஆகஸ்ட் மாதம் வந்தால் அதற்குத் தயாராகும் அணிகளில் ஒரே வாக்குவாதம்தான். சேஸி டிசைன் முடிந்திருக்கும். பழைய கேடிஎம் டியூக் 390 பைக்கிலிருந்து இறக்கிய எஞ்சின் ஒர்க்‌ஷாப் மூலையில் இருக்கும். ஸ்பான்சர் பணம் பாதி வந்திருக்கும். எவ்வளவு பெட்ரோல், எப்போது ஸ்பார்க் என்று எஞ்சினுக்குச் சொல்லும் கணினியான ஈசியு எதை வாங்குவது? பழைய மாணவர் ஒருவர் “பைக்கோடு வந்த ஸ்டாக் ஈசியுவே போதும், மேலே ஒரு பவர்ட்ரானிக் போடுங்கள்” என்பார். எலக்ட்ரானிக்ஸ் தெரிந்த பையன் ஸ்பீடுயினோ ஈசியுவை நாமே சால்டர் பண்ணிவிடலாம் என்பான். வெளிநாட்டு அணிகளின் வீடியோ பார்த்தவர்கள் ஈசியுமாஸ்டர், மோடெக் போன்ற விலை கூடிய ஈசியுக்கள் என்பார்கள்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் தடவை தனி ஈசியுவுக்குப் போகும் அணி மைக்ரோஸ்குவர்ட் என்ற சிறிய ஈசியுவை வாங்கி, டியூனர்ஸ்டுடியோ என்ற மென்பொருளில் வேலை செய்வது நல்லது. போட்டிக்கு மூன்று மாதத்துக்கும் குறைவாக இருந்தால் ஸ்டாக் ஈசியுவோடு, அதன் சிக்னலைத் திருத்தும் பவர்ட்ரானிக். ஸ்பீடுயினோ காரில் இல்லாமல் பெஞ்சில் இருக்கட்டும். ஈசியுமாஸ்டர், லிங்க் வகையறா, மூன்று வருடமாக எண்டியூரன்ஸ் எனும் நீண்ட ஓட்டத்தை முடித்துக் காட்டிய அணிக்கு. பெட்டியின் பவரை வைத்து நான் இதைச் சொல்லவில்லை. எஞ்சின் ஸ்டார்ட் ஆகாமல் நிற்கும்போது ஏன் ஆகவில்லை என்பதை எது நமக்குத் தெளிவாகக் காட்டுகிறது, எதைப் பழுது பார்க்க முடிகிறது, அடுத்த வருடம் வரும் ஜூனியர் எதைத் திறந்து புரிந்துகொள்வான் என்பதை வைத்துச் சொல்கிறேன்.

ரெஸ்ட்ரிக்டர் என்ன செய்கிறது

விதிப்படி பெட்ரோல் காரில் எஞ்சினுக்குள் போகும் காற்று முழுவதும் 20 மி.மீ. விட்டமுள்ள ஒரு துளை வழியாகத்தான் போக வேண்டும். அதுதான் ரெஸ்ட்ரிக்டர். டர்போ இல்லாத காரில் வரிசையும் விதிதான்: முதலில் த்ராட்டில் (ஆக்சிலரேட்டரால் திறக்கும் காற்று வால்வு), அப்புறம் ரெஸ்ட்ரிக்டர், அப்புறம் எஞ்சின். இந்த வரிசைதான் ஈசியு தேர்வையே மாற்றுகிறது, ஆனால் அணிகள் இதைப் பெரும்பாலும் இன்டேக் டிசைன் செய்பவரின் தலைவலி என்று விட்டுவிடுகின்றன.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 20 மி.மீ. துளையில் காற்றின் வேகம் ஒலியின் வேகத்தைத் தொட்டுவிட்டால் அதற்கு மேல் காற்று போகாது. அந்த உச்சவரம்பு நொடிக்குச் சுமார் 70 கிராம். 373 சி.சி. எஞ்சின் 9000 ஆர்பிஎம்மில் சிலிண்டரை முழுதாக நிரப்பினாலும் நொடிக்கு 33 கிராம் அளவுதான் குடிக்கும். அப்படியானால் ரெஸ்ட்ரிக்டர் நமக்குத் தடையே இல்லையா? தடைதான். ஒற்றைச் சிலிண்டர் சீராகக் குடிப்பதில்லை. நான்கு ஸ்ட்ரோக்கில் ஒரு ஸ்ட்ரோக்கில் மட்டும் ஒரே மடக்காக இழுக்கிறது, மற்ற நேரம் வால்வு மூடியிருக்கிறது. அந்த ஒரு மடக்கின்போது ஓட்டம் சராசரியைப் போலப் பல மடங்கு போய் உச்சவரம்பில் முட்டுகிறது. அதனால்தான் ரெஸ்ட்ரிக்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவே பெரிய பிளீனம், அதாவது காற்றுத் தொட்டி வைக்கிறோம். சின்னக் குழாயில் நாள் முழுக்க நிரம்பி, காலையில் ஒரே நேரத்தில் எல்லா வீட்டுக்கும் தண்ணீர் விடும் மேல்நிலைத் தொட்டி செய்யும் வேலையைத்தான் பிளீனம் செய்கிறது.

இப்போது ஈசியு விஷயத்துக்கு வருவோம். பைக்கில் இருந்தபோது அந்த எஞ்சினுக்கு த்ராட்டில் பக்கத்திலேயே இருந்தது, பிளீனம் இல்லை. ஸ்டாக் மேப் (எந்த நிலையில் எவ்வளவு பெட்ரோல், எப்போது ஸ்பார்க் என்ற அட்டவணை) அந்த அமைப்புக்காக எழுதப்பட்டது. ரெஸ்ட்ரிக்டரும் பிளீனமும் வந்த பிறகு, அதிக ஆர்பிஎம்மில் த்ராட்டிலைப் பாதிக்கு மேல் திறந்தால் உள்ளே போகும் காற்று அதே விகிதத்தில் கூடுவதில்லை. த்ராட்டில் கோணத்தை மட்டும் நம்பிப் பெட்ரோல் ஊற்றும் மேப், அங்கே ஊற்றிக்கொண்டே இருக்கும், எஞ்சின் ரிச்சாகி, அதாவது பெட்ரோல் கூடிப்போய்த் திணறும். மாறாக, பிளீனம் அழுத்தத்தை எம்ஏபி சென்சாரில் படித்து எரிபொருள் கணக்கிடும் முறை இங்கே நன்றாக வேலை செய்யும். சாதாரணமாக ஒற்றைச் சிலிண்டரில் எம்ஏபி சிக்னல் துடித்துக்கொண்டே இருப்பதால் பலர் அதைத் தவிர்ப்பார்கள். நம் காரில் பிளீனமே அந்தத் துடிப்பை அடக்கிக் கொடுத்துவிடுகிறது. எம்ஏபியை வைத்து முழு எரிபொருள் டேபிளையும் நாமே எழுத முடிகிற ஈசியு வேண்டும் என்பது இங்கிருந்து வருகிறது.

ஸ்டாக் ஈசியு, மேலே பவர்ட்ரானிக்

பெங்களூரு ரேஸ் டைனமிக்ஸ் தயாரிக்கும் பவர்ட்ரானிக், ஸ்டாக் ஈசியுவுக்கும் எஞ்சினுக்கும் நடுவே கப்ளரில் மாட்டும் பெட்டி. ஸ்டாக் ஈசியு சொல்வதை வாங்கி, எரிபொருளையும் இக்னிஷன் டைமிங்கையும் கூட்டிக் குறைத்து எஞ்சினுக்கு அனுப்பும். ஆர்-டியூன் என்ற மென்பொருளில் மேப்பை மாற்றலாம், சுவிட்சில் இரண்டு மேப்புக்கு மாறலாம். 390-க்கென்றே கப்ளரோடு வருகிறது. மாட்டிய அன்றே எஞ்சின் ஓடும். இது சின்ன விஷயம் இல்லை. டிசம்பர் கடைசியில் எஞ்சின் ஓடாத கார் ஜனவரியில் போட்டியின் ஸ்க்ரூட்டினியை, அதாவது காரின் விதிச் சோதனையைத் தாண்டுவது கஷ்டம்.

ஆனால் அடியில் இருப்பது பைக்கின் ஈசியு. அது பைக் ஓடுகிறது என்றே நினைத்துக்கொண்டிருக்கும். பக்க ஸ்டாண்ட் சுவிட்ச் எங்கே, கிளட்ச் சுவிட்ச் எங்கே, வண்டி கீழே விழுந்துவிட்டதா என்று கேட்கும். சாய்வு சென்சாரை சேஸியில் எப்படி வைக்கிறீர்கள் என்பது முக்கியம்: பைக்கில் எந்தத் திசை மேலே இருந்ததோ அதே திசை காரிலும் மேலே இருக்க வேண்டும். படுக்கப் போட்டு டேப் சுற்றிவிட்டால் வண்டி கவிழ்ந்ததாக நினைத்து எஞ்சினை நிறுத்திவிடும். ஸ்பார்க் வருகிறதா, பம்ப் ஓடுகிறதா என்று நாள் முழுக்கத் தேடுவார்கள், காரணம் டேஷ் அடியில் தலைகீழாகத் தொங்கும் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டியாக இருக்கும்.

இன்னொன்று, ஸ்டாக் ஈசியு தன் ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்துக் குறைந்த லோடில் கலவையைத் திருத்திக்கொண்டே இருக்கும். நீங்கள் பவர்ட்ரானிக்கில் 8 சதவீதம் கூட்டினால், அது கொஞ்சம் கொஞ்சமாக அதைத் திரும்பக் குறைக்கும். அந்த ஆக்சிஜன் சென்சார் திருத்தத்தை நிறுத்தாமல் டியூன் செய்த மேப், நேற்று ஒரு மாதிரியும் இன்று ஒரு மாதிரியும் ஓடும்.

2017 முதல் வந்த 390-ல் கேபிள் த்ராட்டில் இல்லை, மோட்டார் இயக்கும் த்ராட்டில். போட்டி விதிகள் எலக்ட்ரானிக் த்ராட்டிலை அனுமதித்தாலும் அதற்கான பாதுகாப்பு நிபந்தனைகள் தனி அத்தியாயம். புது அணி அந்தப் பக்கமே போக வேண்டாம். எஞ்சின் தேடும்போதே கேபிள் த்ராட்டில் காலத்து 390-ஆகப் பார்த்து வாங்குங்கள்.

மைக்ரோஸ்குவர்ட்

புரூஸ் பவுலிங், ஆல் கிரிப்போ இருவரும் தொடங்கிய மெகாஸ்குவர்ட் குடும்பத்தில் மிகச் சிறியது இது. உள்ளங்கையில் அடங்கும், மூடிய பெட்டி, 35 பின் கப்ளர், இரண்டு இன்ஜெக்டர் (பெட்ரோல் தெளிக்கும் வால்வு) வெளியீடு, இரண்டு ஸ்பார்க் வெளியீடு. ஒற்றைச் சிலிண்டருக்கு இதில் பாதியே மிச்சம். எரிபொருள் டேபிள் 16×16, இக்னிஷன் டேபிள் 12×12. வெளிநாட்டிலிருந்து ஹார்னஸோடு (ஒயர் கட்டு) வரவழைத்து, கஸ்டம்ஸும் கட்டினால் 40,000, 50,000 ரூபாய் ஆகும் என்று பட்ஜெட்டில் போட்டுக்கொள்ளுங்கள்.

என்ன இல்லை என்பதை வாங்கும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். உள்ளே எம்ஏபி சென்சார் இல்லை, வெளியே ஒன்று வைக்க வேண்டும். எஸ்டி கார்டு இல்லை, அதனால் 22 கி.மீ. எண்டியூரன்ஸில் தானாக எதையும் பதிவு செய்யாது. புளூடூத் அடாப்டரும், ஷேடோ டேஷ் ஏற்றிய ஒரு பழைய ஆண்ட்ராய்டு போனும் இந்தக் குறையைத் தீர்க்கும். ஸ்பார்க் வெளியீடு வெறும் சிக்னல்தான், காயிலை நேரடியாக ஓட்டாது. உங்கள் காயிலில் இரண்டு பின் மட்டும் இருந்தால் உள்ளே இக்னைட்டர் (காயிலின் மின்சாரத்தை விட்டு நிறுத்தும் சுவிட்ச்) கிடையாது, வெளியே ஒன்று மாட்டியே ஆக வேண்டும். இதைத் தெரியாமல் காயிலை நேராக இணைத்து ஈசியுவை எரித்த அணிகள் உண்டு.

எனக்கு இதில் பிடித்தது, எஞ்சின் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று ஈசியுவுக்குச் சொல்லும் கிராங்க் சென்சார் விஷயத்தில் அது காட்டும் வெளிப்படைத்தன்மை. எந்தத் தனி ஈசியுவிலும் முதல் இரண்டு வாரம் போராட்டம் இங்கேதான். கிராங்கோடு சேர்ந்து சுற்றும் மேக்னெட்டின் வெளிச்சுற்றில் பற்கள், ஓரிடத்தில் பல் விட்டிருக்கும். பக்கத்தில் பிக்கப் காயில், அதிலிருந்து இரண்டு ஒயர். முதலில் பற்களைக் கையால் எண்ணுங்கள். இணையத்தில் யாரோ சொன்ன எண்ணை நம்ப வேண்டாம். மேக்னெட் கவரைக் கழற்ற அரை மணி நேரம்கூட ஆகாது. எண்ணியதை மென்பொருளில் போட்டு, பிளக்கைக் கழற்றிவிட்டு, செல்ஃப் அடித்தபடி டூத் லாகர் (பற்களின் சிக்னல் பதிவு) எடுங்கள். திரையில் வரிசையாகக் கோடுகள் வரும், ஒவ்வொரு கோட்டின் உயரமும் ஒரு பல்லுக்கும் அடுத்ததற்கும் உள்ள நேரம். பல் விட்ட இடத்தில் ஒரே ஒரு கோடு மட்டும் தனியாக உயர்ந்து நிற்க வேண்டும். அப்படி இல்லாமல், அந்த இடத்தில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கோடுகள் அரைகுறையாக உயர்ந்து நின்றால், பிக்கப்பின் இரண்டு ஒயரும் இடம் மாறியிருக்கின்றன. ஈசியு அப்போதும் சில சமயம் சிங்க் ஆகும் (பற்களை அடையாளம் கண்டுகொள்ளும்), எஞ்சினும் ஓடும். ஆனால் ஆர்பிஎம் ஏற ஏற டைமிங் நழுவும், 6000-க்கு மேல் காரணமே தெரியாமல் மிஸ்ஸிங் வரும். அந்த இரண்டு அரைக்கோடுகளைப் பார்க்கத் தெரிந்த மாணவர் ஒருவர் இருந்தால் அணிக்கு ஒரு மாதம் மிச்சம்.

கேம் சென்சார் இல்லாமல் கிராங்கை மட்டும் வைத்து ஓட்டினால், எந்தச் சுற்று கம்ப்ரெஷன், எந்தச் சுற்று எக்ஸாஸ்ட் என்று ஈசியுவுக்குத் தெரியாது. ஒவ்வொரு சுற்றிலும் ஸ்பார்க் விடும், பெட்ரோலையும் இரண்டு பாதியாகப் பிரித்து ஊற்றும். எஞ்சினுக்கு இதனால் கெடுதல் இல்லை, ஆனால் இன்ஜெக்டர் அளவில் இது கணக்கில் வர வேண்டும். நிமிடத்துக்கு 300 சி.சி. ஊற்றும் இன்ஜெக்டர் என்று வைத்துக்கொள்வோம். சிலிண்டர் முழுதாக நிரம்பினால், பெட்ரோல் ஒரு பங்குக்குக் காற்று 12.8 பங்கு என்ற கலவைக்கு ஒரு சுழற்சியில் சுமார் 9.5 மில்லிசெகண்ட் திறந்திருக்க வேண்டும். 9000 ஆர்பிஎம்மில் ஒரு முழுச் சுழற்சிக்குக் கிடைக்கும் நேரமே 13.3 மில்லிசெகண்ட். இன்ஜெக்டர் திறக்க எடுக்கும் தாமதம் 1 மில்லிசெகண்ட் என்றால், ஒரே தடவை ஊற்றும்போது டியூட்டி (இன்ஜெக்டர் இயங்கும் நேரத்தின் பங்கு) சுமார் 79 சதவீதம். இரண்டாகப் பிரித்தால் அந்தத் தாமதம் இரண்டு தடவை, டியூட்டி 86 சதவீதத்தைத் தாண்டும். இன்ஜெக்டரை 85 சதவீதத்துக்கு மேல் ஓட்டக் கூடாது என்பது பொதுவான வழக்கம். இதே கணக்கில் 200 சி.சி. இன்ஜெக்டர் மேலே போய்ப் பெட்ரோல் போதாமல் லீனாகிவிடும். சென்சார் எல்லாம் சரியாக இருந்தும் மேலே பவர் வரவில்லை என்றால் முதலில் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

ஸ்பீடுயினோ

ஆஸ்திரேலியாவின் ஜோஷ் ஸ்டூவர்ட் தொடங்கிய ஓப்பன் சோர்ஸ் திட்டம். ஆர்டுயினோ மெகா போர்டின் மேல் ஷீல்டு எனும் துணைப் போர்டு, நான்கு இன்ஜெக்டர், நான்கு ஸ்பார்க், போர்டிலேயே எம்ஏபி சென்சார். டேபிள் இரண்டும் 16×16. மெகா குளோன் ஆயிரத்துச் சொச்சம் ரூபாய்க்குக் கிடைக்கும். உதிரி பாகம் எல்லாம் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரே நடையில் வாங்கிவிடலாம். எரிந்தால் மறுநாளே இன்னொன்று. கோட் முழுவதும் திறந்திருக்கிறது, ஈசியு எப்படி யோசிக்கிறது என்பதை வரி வரியாகப் படிக்கலாம். டிசைன் ஈவென்டில் நடுவர் “இந்த எரிபொருள் அளவு எப்படி வந்தது?” என்று கேட்டால், ஸ்பீடுயினோ படித்த மாணவர் பலகையில் எழுதிக் காட்டுவார். இந்தப் படிப்புக்காக ஒவ்வொரு அணியும் ஒன்றைச் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அப்படியானால் காரில் ஏன் வேண்டாம்? ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின் சேஸியில் நேராக போல்ட் செய்யப்பட்டிருக்கும், அதன் அதிர்வு எல்லா ஒயருக்கும் போகும். ஷீல்டு மெகாவின் மேல் பின்களால் நிற்கிறது, ஹார்னஸ் ரிப்பன் கேபிள் கப்ளரில் நிற்கிறது. டெஸ்ட் டிராக்கில் நன்றாக ஓடிய கார் எண்டியூரன்ஸின் நடுவில் ஒரு நொடி இறந்து எழுவதற்கு இந்த இரண்டு இடமே போதும். ஒரு நொடி ரீசெட் என்ன செய்யும் என்பதைக் கீழே சொல்கிறேன். பிக்கப் காயில் சிக்னலுக்குத் தனி கண்டிஷனர் சிப்பும் மாட்ட வேண்டும், அது தரமில்லாமல் இருந்தால் டூத் லாகரில் பேய் பற்கள் தெரியும். நல்ல பெட்டி, வாகனத்துக்கான கப்ளர், போர்டுக்குப் பாதுகாப்புப் பூச்சு எல்லாம் செய்து காரில் ஓட்டும் அணிகளும் உண்டு, அவர்களைப் பாராட்டுகிறேன். ஆனால் அந்த உழைப்பை முதல் வருட அணியிடம் எதிர்பார்க்கக் கூடாது, அவர்களுக்கு சஸ்பென்ஷனும் வெல்டிங்குமே முடியாத வேலை.

பெஞ்சில் இதன் அருமை தனி. ஆர்டு-ஸ்டிம் என்ற சின்ன சிமுலேட்டரை இன்னொரு ஆர்டுயினோவில் ஏற்றினால் பல் விட்ட கிராங்க் சிக்னலைப் போலியாகக் கொடுக்கும். சேஸி வெல்டிங் நடக்கும் மாதங்களில் ஜூனியர்கள் மேஜையில் உட்கார்ந்து ஆர்பிஎம் ஏற்றி இறக்கி, டேபிளைத் தொட்டு, எல்இடி பல்பில் இன்ஜெக்டர் துடிப்பைப் பார்த்துப் பழகலாம். மென்பொருள் அதே டியூனர்ஸ்டுடியோ என்பதால் கற்றது அப்படியே காருக்கு வரும்.

விலை கூடியவை

போலந்தின் ஈசியுமாஸ்டர் இஎம்யு பிளாக் நம் தேவைக்கு அழகாகப் பொருந்தும். எம்ஏபி சென்சார், பாரோ (வெளிக்காற்று அழுத்த) சென்சார், புகையிலிருந்து கலவையை அளக்கும் வைட்பேண்ட் கண்ட்ரோலர் மூன்றும் உள்ளேயே இருக்கின்றன, மென்பொருள் இலவசம். வைட்பேண்ட் கண்ட்ரோலர் தனியாக வாங்கும் செலவும், அதன் எர்த் கோளாறால் வரும் பொய்யான ரீடிங்கும் இல்லாமல் போகும். நியூசிலாந்தின் லிங்க், ஆஸ்திரேலியாவின் ஹால்டெக் இரண்டும் உள்ளேயே டேட்டா பதிவு செய்யும், மென்பொருள் மிக நன்றாக இருக்கும். மோடெக்கில் சில வசதிகளைத் திறக்கத் தனியாகப் பணம் கட்டி பாஸ்வேர்டு வாங்க வேண்டும். கஸ்டம்ஸ், ஜிஎஸ்டி சேர்த்து இவை லட்சத்தைத் தொடும் அல்லது தாண்டும். பழுதானால் கடல் கடந்து போய்வர வேண்டும். இரண்டாவது பெட்டி கையிருப்பில் வைக்கப் பணம் இருந்தால் தயங்காமல் வாங்குங்கள். ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், அதே பணத்தில் மைக்ரோஸ்குவர்ட்டும், தரமான வைட்பேண்டும், ஒரு நாள் டைனோவும் (லோடு கொடுத்து எஞ்சினை ஓட்டி அளக்கும் கருவி) வந்துவிடும். டைனோவில் ஒரு நாள், விலை கூடிய பெட்டியைவிட நிச்சயம் அதிகமாகத் தரும்.

டியூனர்ஸ்டுடியோவில் வேலை

மைக்ரோஸ்குவர்ட், ஸ்பீடுயினோ இரண்டுக்கும் பொதுவான மென்பொருள் இது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். இலவசப் பதிப்பில் கையால் டியூன் செய்யலாம். வைட்பேண்ட் காட்டும் லாம்டா (கலவை) ரீடிங்கைப் பார்த்து டேபிளைத் தானே திருத்தும் விஇ அனலைஸ் வசதிக்குக் காசு கட்டிப் பதிவு செய்ய வேண்டும், தயவுசெய்து கட்டுங்கள், அந்தப் பணம் முதல் வாரத்திலேயே திரும்பிவிடும். புராஜெக்ட் உருவாக்கும்போது ஈசியுவில் உள்ள ஃபர்ம்வேருக்குப் பொருந்தும் கோப்பையே தேர்ந்தெடுக்க வேண்டும். வேறு பதிப்பைக் கொடுத்தால் எண்கள் இடம் மாறி உட்காரும்.

ஸ்டார்ட் செய்யும் முன் இன்ஜெக்டர் கப்ளரைக் கழற்றிவிட்டு, டைமிங்கை மென்பொருளில் 10 டிகிரிக்கு ஃபிக்ஸ் செய்து, செல்ஃப் அடித்தபடி டைமிங் லைட்டில் பாருங்கள். பிஸ்டன் உச்சியை டயல் கேஜ் வைத்துக் கண்டுபிடித்து மேக்னெட்டில் நீங்களே கோடு போட வேண்டும். திரையில் 10, லைட்டில் 10, இரண்டும் ஒன்றாகும்வரை ட்ரிகர் கோணத்தை மாற்றுங்கள். இது முடியாமல் டைமிங் டேபிளைத் தொடுவது அர்த்தமில்லாத வேலை. திரையில் 28 டிகிரி என்று இருக்கும், எஞ்சினுக்குள் 40 ஓடிக்கொண்டிருக்கும், பிஸ்டன் உருகும். ஸ்பார்க் வெளியீட்டின் திசையையும் இக்னைட்டரின் டேட்டாஷீட்டோடு ஒப்பிட்டே போடுங்கள். தலைகீழாகப் போட்டால் சாவி போட்டதுமே காயில் சூடேறத் தொடங்கும்.

எர்த் பற்றி ஒரு வார்த்தை. சென்சார்களின் எர்த் எல்லாம் ஈசியுவின் சென்சார் எர்த் பின்னுக்கே திரும்ப வேண்டும், பவர் எர்த் எஞ்சின் பிளாக்குக்கு. இரண்டையும் சேஸியில் ஒரே போல்ட்டில் முறுக்கினால், ஃபேன் ஓடும்போதெல்லாம் தண்ணீர் வெப்பம் ஐந்து டிகிரி மாறிக் காட்டும். ரெசிஸ்டர் பிளக் போடுங்கள். இல்லையென்றால் லேப்டாப் யுஎஸ்பி அடிக்கடி அறுந்து அறுந்து வரும்.

எஞ்சின் ஓடிய பிறகு விஇ அனலைஸை முழுதாக நம்பி விட்டுவிடக் கூடாது. நடு ஆர்பிஎம்மில், சீரான லோடில் அது நன்றாகத் திருத்தும். ஸ்லோவில் ஒற்றைச் சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வெளிக்காற்றைப் பின்னுக்கு இழுக்கும், சென்சார் லீன் என்று பொய் சொல்லும், மென்பொருள் அதை நம்பி பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே போகும். அந்தப் பகுதியை லாக் செய்துவிட்டுக் காதால் டியூன் செய்யுங்கள். த்ராட்டிலை மிதிக்கும்போது சேர்க்கும் கூடுதல் பெட்ரோலைக் கடைசியில் தொடுங்கள். நம் காரில் த்ராட்டிலுக்கும் வால்வுக்கும் நடுவே பிளீனம் முழுதாக நிரம்ப வேண்டியிருப்பதால், த்ராட்டில் அசைவை மட்டும் பார்த்துப் பெட்ரோல் அடித்தால் காற்று வருவதற்கு முன்பே பெட்ரோல் வந்துவிடும். எம்ஏபி ஏறும் வேகத்தையும் சேர்த்துக் கலக்குங்கள்.

கோவையில் கவனிக்க வேண்டியவை

கரிவர்தன் பெயரைத் தாங்கிய கோவை போட்டி டிராக், கரி மோட்டார் ஸ்பீட்வே, கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 400 மீட்டரில் இருக்கிறது. சென்னையில் 101 கிலோபாஸ்கல் காட்டும் பாரோ அங்கே 96, 97 காட்டும். மைக்ரோஸ்குவர்ட் சாவி போடும்போது எம்ஏபியில் படிக்கும் முதல் எண்ணையே வெளிக்காற்று அழுத்தமாக எடுத்துக்கொள்ளும்படி வைக்கலாம், வேறு சென்சார் வேண்டாம். ஆபத்து எங்கே என்றால், எஞ்சின் ஓடும்போது ஒயர் ஆடி ஈசியு ரீசெட் ஆனால், பிளீனத்தில் அப்போது இருக்கும் 50 கிலோபாஸ்கலை வெளிக்காற்று என்று நினைத்துவிடும். கார் ஏதோ இமயமலையில் ஓடுவதாக எண்ணி எரிபொருளைத் திருத்தும், அடுத்த தடவை சாவி போடும்வரை அது சரியாகாது. இதைத் தடுக்க அமைப்பில் கீழ் வரம்பு உண்டு. 88 என்று வைத்தால் பெங்களூரில் டெஸ்ட் செய்தாலும் பொருந்தும், ரீசெட்டும் அதிகம் பாதிக்காது.

அடுத்தது சத்தப் பரிசோதனை. சோதனை ஆர்பிஎம் ஸ்ட்ரோக் நீளத்தை வைத்துக் கணக்கிடப்படுகிறது. 60 மி.மீ. ஸ்ட்ரோக்குள்ள 373 சி.சி. எஞ்சினுக்கு அது 7500. கார் நின்றபடி, லோடே இல்லாமல், 7500-ல் பிடிக்க வேண்டும், 110 டெசிபலைத் தாண்டக் கூடாது. டேபிளில் இது கீழ் வலது மூலை: அதிக ஆர்பிஎம், குறைந்த அழுத்தம். டைனோவிலும் டிராக்கிலும் எஞ்சின் அந்த மூலையில் நிற்பதே இல்லை, அதனால் யாரும் அதை டியூன் செய்வதில்லை. அங்கே லீனாகவோ, டைமிங் பின்தங்கியோ இருந்தால் சைலன்சருக்குள் வெடிக்கும், நல்ல மஃப்ளர் போட்ட காரும் தோற்கும். ஒரு மாலை நேரம் ஒதுக்கி, காரை ஸ்டாண்டில் நிறுத்தி, அந்த நான்கைந்து கட்டங்களை மட்டும் கையால் சரி செய்யுங்கள். பவர்ட்ரானிக் போட்ட அணியால் இந்த இடத்தை த்ராட்டில் கோணத்தின் வழியாக மட்டுமே தொட முடியும், தனி ஈசியு வைத்தவர்கள் நேராகவே தொடலாம்.

ஜனவரிப் போட்டிக்கு மைக்ரோஸ்குவர்ட் எடுப்பதாக இருந்தால் ஆர்டர் ஆகஸ்ட் முடிவதற்குள் போக வேண்டும், கஸ்டம்ஸில் எவ்வளவு நாள் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. இக்னைட்டர், எம்ஏபி சென்சார், போஷ் எல்எஸ்யு 4.9 சென்சாரோடு வைட்பேண்ட் கண்ட்ரோலர், 35 பின் கப்ளருக்கான உதிரிப் பின்களும் சரியான கிரிம்பிங் டூலும் அதே ஆர்டரில் சேரட்டும். நவம்பர் 15-க்குள் டூத் லாகரில் சுத்தமான சிக்னல் வரவில்லை என்றால், ஸ்டாக் ஹார்னஸை மாட்டி பவர்ட்ரானிக்குக்குத் திரும்பிவிடுங்கள். அதற்காகவே அந்த ஹார்னஸை வெட்டாமல் பத்திரமாக எடுத்து வையுங்கள்.